கண்ணில் வைக்கும் பொருளும் கடையில் வைக்கும் பொருளும்

கலர் லென்ஸ் வியாபாரத்தையும் இணையத்தளம் கொண்டு போய்விட்டது என்று புறக்கோட்டையில் பென்சி கடை நடத்தும் சகோதரர்கள் குறைப்படுகிறார்கள். கலியாண காலம் வந்தால் மணப்பெண்ணுக்கும் தோழிமாருக்கும் சாம்பல், தேன், பச்சை என்று ஜோடி ஜோடியாக விற்ற சாமான் இது. இப்போது பிள்ளைகள் தொலைபேசியிலேயே நிறத்தைத் தெரிவு செய்கிறார்கள், கொரியர்காரர் வீட்டு வாசலில் கொண்டு வந்து கொடுக்கிறார். விலையும் குறைவு.

என்னைக் கேட்டால், கடையா இணையமா என்பதல்ல பிரச்சினை. கண்ணை அளந்து பார்த்து விற்கிறோமா, வளையல் விற்பது போல விற்கிறோமா என்பதுதான். வளையல் போல விற்பதென்றால் அங்கே வாங்குவதற்கும் நம்மிடம் வாங்குவதற்கும் விலையைத் தவிர வேறு வித்தியாசம் கிடையாது. மலிவான இடத்துக்குப் போகும் வாடிக்கையாளரைக் குறை சொல்லவும் முடியாது.

"பவர் இல்லாத லென்ஸ்தானே, அழகுக்குத்தானே" என்பார்கள். பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உட்காரும் இடம் ஒன்றுதான். கருவிழிக்கு மேலுள்ள அந்தத் தெளிவான படலத்தில் இரத்த நாளம் கிடையாது, தனக்கு வேண்டிய ஒட்சிசனைப் பெரும்பாலும் வெளிக் காற்றிலிருந்தே எடுக்கிறது. பெட்டியில் 8.6, 14.2 என்று இரண்டு இலக்கங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலாவது லென்ஸின் வளைவு, இரண்டாவது அதன் அகலம், இரண்டும் மில்லிமீற்றரில். எல்லோருடைய கண்ணும் ஒரே வளைவில் இல்லை. லென்ஸ் இறுகினால் காற்றுப் போகாது, கண் சிவக்கும். தளர்ந்தால் அசைந்து உராயும். உராய்ந்த இடத்தால் கிருமி புகுந்தால் பார்வையே போகலாம். குழாய்த் தண்ணீரிலும் கிணற்றுத் தண்ணீரிலும் வாழும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் இதில் மிகக் கொடியது. லென்ஸோடு வுழூ செய்பவர்கள் முகம் கழுவும்போது கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும் என்பதைக்கூட நம் கடைகளில் யாரும் சொல்வதில்லை. கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது வுழூவில் கடமையும் இல்லை. (பெண் பார்க்க வரும்போது கலர் லென்ஸ் அணியலாமா என்ற கேள்வியை உலமாக்களிடம் விட்டு விடுகிறேன்.)

அமெரிக்காவில் 2005 இல் சட்டம் திருத்தி, பவர் இல்லாத லென்ஸையும் மருத்துவ சாதனம் என்றே ஆக்கினார்கள். கடையோ இணையமோ, கண் வைத்தியரின் சீட்டு இல்லாமல் அங்கு விற்க முடியாது. எமது நாட்டில் மருத்துவ சாதனங்கள் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பொறுப்பில் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து இறக்கும் சகோதரர்கள், பென்சி சாமான்களோடு சேர்த்துப் பெட்டி கட்டுவதற்கு முன் அங்கே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒருவர் போட்டுப் பார்த்துக் கழற்றிய ஜோடியைக் கழுவி அடுத்தவருக்குக் கொடுக்கும் கடைகள் உண்டு. இதை இணையத்தில்கூடச் செய்ய முடியாது! சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். தானியத்தின் ஈரம் கைக்குத் தெரிந்தது. லென்ஸில் ஒட்டியிருக்கும் கிருமி கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது.

சரி, விலையில் எப்படிப் போட்டி போடுவது? போட வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். கணக்கைப் பாருங்கள். கால் கால் பவராக 0.25 இலிருந்து 6.00 வரை 24 பவர்கள். ஆறு நிறம் என்றால் 144 வகை. அத்தனையையும் வாங்கி அடுக்கினால் பாதி காலாவதியாகும், முதல் முடங்கும். பெரிய களஞ்சியம் வைத்திருப்பவரோடு சிறு கடை இதில் வெல்லாது. பவர் லென்ஸைக் கட்டளை எடுத்த பிறகு வரவழையுங்கள்.

நம்மிடம் இருக்கக்கூடியதும் கொரியர்காரரிடம் இல்லாததும் கண்ணைப் பார்க்கும் ஆள்தான். தகைமை பெற்ற கண் பரிசோதகர் ஒருவரோடு பேசி, வாரத்தில் இரண்டு நாளாவது கடைக்கு வரச் செய்யலாம். இரண்டு மூன்று கடைக்காரர்கள் சேர்ந்தால் செலவும் தாங்கும். அதற்கும் வசதி இல்லாதவர் இந்தச் சாமானை விட்டுவிட்டு வளையலையே விற்கட்டும், அதிலும் பறக்கத் உண்டு. பரிசோதனைக் கட்டணத்தை லென்ஸ் விலைக்குள் மறைக்காமல் பற்றுச்சீட்டில் தனியாகப் போடுங்கள். அளவை எழுதி வாடிக்கையாளர் கையிலேயே கொடுங்கள். அதைக் கொண்டு போய் இணையத்தில் வாங்கிவிடுவாரே என்று பயப்படுகிறோம். வாங்கட்டும். அமெரிக்காவில் 2004 முதல் கேட்காமலேயே அந்தச் சீட்டைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அங்குள்ள கண் பரிசோதகர்கள் அதற்காகக் கடையை மூடிவிட்டுப் போகவில்லை. சீட்டுக்குக் காலக்கெடு உண்டு, அது முடிந்தால் வாடிக்கையாளர் திரும்பவும் அவர்களிடம்தான் வர வேண்டியிருக்கிறது.