வாடகைக்கு இருப்பவருக்கும் வார்டு கமிட்டியில் இடம் வேண்டும்

கழக்கூட்டத்தில் வசிக்கும் தமிழர்களின் சங்கம், திருவனந்தபுரம் மாநகராட்சியின் முடிவுகளில் குடியிருப்போர் பங்கேற்பது குறித்து எடுத்திருக்கும் நிலைப்பாடு இது.

2023 அக்டோபர் நடுவில் கொட்டிய மழையில் தெற்றியாறு பொங்கி, டெக்னோபார்க் ஐடி வளாகத்தைச் சுற்றியுள்ள பள்ளமான இடங்களில் வெள்ளம் புகுந்தது. அதிலிருந்து எங்கள் உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றுதான்: வடிகாலைத் தூர்வாருவதை யார் முடிவு செய்கிறார்கள், எந்தக் கூட்டத்தில்? பாதி வேலை மாநகராட்சியுடையது, பாதி நீர்ப்பாசனத் துறையுடையது என்று தெரிந்துகொள்வதற்கே எங்களில் பலருக்கு அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது.

2010 வரை கழக்கூட்டம் தனிக் கிராமப் பஞ்சாயத்து. அப்போது கிராமசபை உண்டு. வார்டின் வாக்காளர் எவரும் போய் உட்கார்ந்து பேசலாம். அந்த ஆண்டு ஸ்ரீகார்யம், வட்டியூர்க்காவு, குடப்பனக்குன்னு, விழிஞ்ஞம் பஞ்சாயத்துகளோடு சேர்ந்து கழக்கூட்டமும் மாநகராட்சிக்குள் வந்தது. அதோடு கிராமசபையும் போனது. 1994ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டம் லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு வார்டு கமிட்டியைத்தான் தருகிறது. கவுன்சிலர் தலைமையில் கூடும் அந்தக் கமிட்டியில் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன்கள், குடும்பஸ்ரீ அயல்கூட்டங்கள் முதலியவற்றின் பிரதிநிதிகள் உட்காருகிறார்கள். எல்லோரும் பேசும் சபை, சிலர் பேசும் கமிட்டியானது. நகரமானதில் சாலையும் விளக்கும் கிடைத்திருக்கலாம். நேராகப் பேசும் உரிமை குறைந்தது.

சிக்கல் இங்கேதான். பல அசோசியேஷன்களில் உறுப்பினர் என்றால் வீட்டுக்காரர். கழக்கூட்டத்தில் மாடிக்கு மாடி, அறைக்கு அறை வாடகைக்கு இருக்கும் ஐடி ஊழியர்களும் கட்டடத் தொழிலாளர்களும் அந்தக் கணக்கில் வருவதில்லை. குப்பைக்குப் பணம் கொடுப்பவர் வாடகைதாரர், தண்ணீர் வராத நாளில் குடம் தூக்குபவர் அவர்; கமிட்டியில் அவர் சார்பில் பேசுபவரோ வேறு ஊரில் இருக்கும் வீட்டுக்காரராக இருக்கலாம். ஆகவே, வாடகைதாரரை உறுப்பினராகச் சேர்க்கும் அசோசியேஷனுக்கே வார்டு கமிட்டியில் இடம் என்று மாநகராட்சி வரையறுக்க வேண்டும். தமிழருக்கென்று தனி இடம் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் தெற்றியாற்றுத் தண்ணீர் மொழி பார்த்து ஏறியது போலாகிவிடும்.

கமிட்டி கூடும் நாளும் அஜெண்டாவும் ஒரு வாரம் முன்பே தெருவுக்குத் தெரிய வேண்டும். கழக்கூட்டம் மண்டல அலுவலகச் சுவரில் ஒட்டினால் போதும். மாநகராட்சி மன்றக் கூட்டத்துக்கும் இதே கோரிக்கைதான். மன்றத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம், பேச முடியாது. கேள்வியானாலும் தீர்மானமானாலும் கவுன்சிலர் வாயிலாகத்தான் போக வேண்டும். அதனால் கூட்டத்துக்கு முன்பே காகிதம் கையில் இருந்தால்தான் அவரிடம் போய்ச் சொல்ல முடியும். இன்னொன்று, விஷயங்கள் பெரும்பாலும் மராமத்து, நகரத் திட்டம் போன்ற நிலைக்குழுக்களில் பேசி முடிந்த பிறகே மன்றத்துக்கு வருகின்றன. மன்ற நாளன்று பார்வையாளர் மாடத்தில் உட்காருபவர் கடைசிக் காட்சியை மட்டுமே பார்க்கிறார்.

குடியிருப்போரைக் கூட்டிப் பேசவைப்பதில் தமிழ்நாடு பின்னால் வந்தது. நகரங்களில் ஏரியா சபைகள் அங்கே 2022 நவம்பர் 1 அன்றுதான் முதன்முதலாகக் கூடின. அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் கலந்துகொண்டார். ஆனால் வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, கமிட்டிக்கும் கீழே வாக்காளரைக் கூட்டும் அந்த ஏற்பாடு எங்களுக்குப் பிடித்திருக்கிறது. கேரளம் அதை எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். உள்ளாட்சித் தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் தனி வாக்காளர் பட்டியல் தயாரிக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. ஓட்டு திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் கிடக்க, இங்கே குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம். இங்கேயே தங்கிவிட்டவர்கள் பெயரை மாற்றிக்கொள்ள எங்கள் சங்கம் உதவும். தீர்மானங்கள் மலையாளத்தில் வருகின்றன. மலையாளம் படிக்கத் தெரிந்த உறுப்பினர்கள் கழக்கூட்டம் தொடர்பானவற்றைத் தமிழில் சுருக்கித் தருவார்கள். கிடைக்காத பதிவுகளுக்கு 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடுவோம். மன்றம் கூடும் நாளில் இரண்டு பேர் முறைவைத்துப் பாளையத்தில் உள்ள மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய் மாடத்தில் உட்காருவார்கள். லீவு போட முடிந்தவர்கள் பெயர் கொடுங்கள்.