மணிக்கட்டில் தெரிவது அளவீடு அன்று

ஒரு சொல்லை நம்புவதால் நேரும் இழப்பைப் பெருமாட்டி ஊராட்சி நன்கு அறியும். பிளாச்சிமடையில் இயங்கிய கொக்கோ கோலா ஆலையின் கழிவுச் சேறு அங்குள்ள உழவர்களுக்கு 'உரம்' என்ற பெயரில் வழங்கப்பட்டது. 2003இல் பி.பி.சி. வானொலி அதை ஆய்வகத்தில் சோதிக்கச் செய்தபோது காட்மியமும் காரீயமும் வெளிப்பட்டன. இன்று ஊர்தோறும் ஓட்டப்பயிற்சி செய்வோர் மணிக்கட்டில் வேறொரு பெயர் நம்பப்படுகிறது: 'இரத்த ஆக்சிஜன் அளவீடு'.

ஸ்மார்ட்வாட்ச் இரத்தத்தைத் தொடுவதில்லை. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் தோலுக்குள் செலுத்தி, திரும்பி வரும் ஒளியின் துடிப்பைக் கொண்டு ஒரு விழுக்காட்டைக் கணிக்கிறது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் ஒளி விரலை ஊடுருவி மறுபுறம் சேர்கிறது; மணிக்கட்டிலோ சிதறித் திரும்பும் மெல்லிய ஒளியே கிடைக்கிறது. கை வீசி ஓடும்போது அந்தத் துடிப்பும் கையசைவும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

இதைச் செய்பவர்களும் அறிவார்கள். 2020இல் ஆக்சிஜன் உணரியுடன் வெளியான ஆப்பிள் வாட்ச், கையை அசைக்காமல் 15 விநாடிகள் வைத்திருக்கச் சொல்கிறது. மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதன்று என்றும் சொல்கிறது. விற்பனைப் படத்தில் ஓட்டக்காரர். நிபந்தனையில் அசையாத கை. ஒரே கருவிக்கு இரண்டு மொழிகள்.

நலமுள்ள ஒருவர் சமவெளியில் கடுமையாக ஓடினாலும் ஆக்சிஜன் செறிவு பெரும்பாலும் குறைவதில்லை. ஆகவே, ஓட்டத்தின் நடுவே 88 என்று கடிகாரம் காட்டினால், அது பெரும்பாலும் கையசைவின் பிழையே. உண்மையான நோயாளிக்கு அது 97 என்று காட்டினாலோ, மூச்சுத்திணறலை அவர் பொருட்படுத்தாமல் விடக்கூடும். முன்னது வீண் அச்சம், பின்னது உயிராபத்து.

தோலின் நிறமும் கணக்கில் குறுக்கிடுகிறது. 2020 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனைக் கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில், தமனி இரத்தச் சோதனை 88க்கும் கீழே காட்டியது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 விழுக்காடு, வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு. அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல், சோதனைக்கு உட்படுவோரில் கருந்தோலினர் இருவரோ 15 விழுக்காட்டினரோ, எது அதிகமோ அந்த அளவில் இருந்தால் போதும் என்றது. மருத்துவமனைக் கருவிக்கே இந்த நிலை என்றால், வெயிலில் கறுத்த உழவரின் மணிக்கட்டில் மின்னும் எண்ணுக்கு யார் பொறுப்பு?

'ஏதுமில்லாததற்கு ஏதோ ஒன்று மேல்' என்பது வழக்கமான மறுமொழி. தவறான எண் 'ஏதோ ஒன்று' அன்று. அது ஒரு முடிவுக்கு இட்டுச்செல்லும் வழிகாட்டி. ஓய்வில், பல நாள் போக்கைப் பார்க்க அது உதவலாம். அந்த எல்லையைச் சொல்லாமல் விற்பதே குற்றம்.

ஆய்வுலகத்துக்கு இதில் ஒரு கடமை உண்டு. உடற்பயிற்சியின்போது கடிகாரம் தந்த எண்ணை ஆய்வேட்டின் அட்டவணையில் 'அளவீடு' என்று எழுதக் கூடாது; 'மதிப்பீடு' என்றே எழுத வேண்டும். எந்தக் கருவி, எந்த நிலையில், எந்தத் தோலில் என்பதையும் உடன் குறிக்க வேண்டும். நெறியாளர் அதைக் கேட்க வேண்டும். தேர்வாளர் அது இல்லாத அட்டவணையைத் திருப்பியனுப்ப வேண்டும்.

பெருமாட்டியில் 'உரம்' என்ற சொல் ஆய்வகத்தின் முன் நிறுத்தப்பட்டபோதுதான் அது நஞ்சு என்று தெரிந்தது. 'அளவீடு' என்ற சொல்லும் அங்கேயே நிறுத்தப்பட வேண்டும்.