முல்லைப் பெரியாறு: தலையை எண்ணினால் போதுமா?
குமுளி பக்கத்து சக்குபள்ளம் ஏலத்தோட்டங்களுக்கு, கம்பம் பகுதியிலிருந்து தினமும் ஜீப்பில் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் ஊர் வயலுக்கு முல்லைப் பெரியாறு தண்ணீர்; வேலைக்குப் போகும் இடுக்கியிலோ, 1895-ல் கட்டிய அதே அணையை நினைத்து பயம்.

‘அதிகம் பேருக்கு அதிக நன்மை’ என்பதுதான் பயன்வாதம். ஒரு பக்கம் தேனி, மதுரை உட்பட 5 மாவட்டங்கள். மறுபக்கம் வண்டிப்பெரியாறு போன்ற ஊர்கள். தலையை எண்ணினா கணக்கு முடிஞ்சதுன்னு தோணும். ஆனா பெந்தாம் தலையை மட்டும் எண்ணச் சொல்லல. நன்மை தீமையின் அளவு, நடக்கும் வாய்ப்பு எல்லாம் சேரணும். பாசனம் வருஷாவருஷம் கிடைக்குது. உடைப்பு வாய்ப்பு குறைவு. நடந்தா போவது உயிர்.

அணை பாதுகாப்பானது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்து, கண்காணிப்புக் குழுவும் அமைத்தது. இந்தக் கணக்கு விடும் ஓட்டை இதுதான்: பயன் ஒருவருக்கு, பயம் இன்னொருவருக்கு. பயன் நம்ம பக்கம்னா, தண்ணீர் திறக்கும்முன் கீழே இருப்பவர்களுக்குச் சொல்வதும் நம்ம பொறுப்புதானே?