புதுப் பெட்டி, பழைய ஞாபகம்



இம்மாதம் கார் பற்றி எழுதப் போகிறேன். “இது வீட்டுக்காரர் வாசிக்க வேண்டியது” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தச் சம்பவத்தில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டது நானுமல்ல, கராஜ்காரருமல்ல; என் பிள்ளைகளின் உம்மாதான். அவர் விற்றுத் தந்த இரண்டு காப்புகள் வீணாகாமல் போனதும் அந்தக் கேள்வியால்தான்.

2020 மார்ச்சில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையிலிருந்த ஐந்து வருடங்களாக, இருக்கிற வாகனத்தைத் திருத்தித் திருத்தித்தான் எல்லோரும் ஓட்டினோம். வழி திறந்த பிறகும் புது வாகனத்தின் விலை எங்களைப் போன்ற ஆசிரியர் குடும்பங்களுக்கு எட்டுகிற உயரத்தில் இல்லை. ஆகவே பழைய ஜப்பான் காரின் ஓட்டோ கியர் பொக்ஸ் போய்விட்டால், பஞ்சிகாவத்தையில் பாவித்த பொக்ஸ் ஒன்றைத் தேடி வாங்கி மாட்டுவதே நமக்குத் தெரிந்த வழியாக இருக்கிறது.

எங்கள் காருக்கு அந்த நாள் 2023இன் நடுப்பகுதியில் வந்தது. ஹப்புத்தளையில் உறவினர் வீட்டுக் கலியாணம். பதுளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; ஹப்புத்தளையோ 1,400 மீற்றருக்கும் மேலே. மாமியும் பிள்ளைகளுமாக நிறைந்த கார், பண்டாரவளைக்கு முன்னுள்ள ஏற்றத்தில் திடீரென்று இரைந்தது. எஞ்சின் கத்துகிறது, கார் முன்னே போகவில்லை. பின்னால் கொழுந்து ஏற்றிய லொறி. பிள்ளைகளை இறக்கி, பின் சில்லுக்குக் கல் வைத்து, அல்லாஹ்வின் உதவியால் ஆபத்தின்றித் தப்பினோம்.

“பொக்ஸ் முடிஞ்சுது மௌலவி” என்றார் கராஜ் பாஸ். காப்புகள் விற்கப்பட்டன. கொழும்பிலிருந்து பொக்ஸ் வந்தது, மாட்டப்பட்டது. ஆனால் காரை எடுத்த முதல் நாளே முதலாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போதெல்லாம் பிடரியில் யாரோ தட்டியது போல ஓர் உலுக்கல். பின் இருக்கையிலிருந்த மாமி ஒவ்வொரு தடவையும் “யா அல்லாஹ்” என்று கதவைப் பிடித்துக் கொண்டார்.

“புதுசுதானே, ஓட ஓடச் சரியாகும்” என்றார் பாஸ். நான்கு நாட்கள் ஓடியும் சரியாகவில்லை. பழுதான பொக்ஸைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எனக்கு ஆத்திரம். கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, விற்றவரை ஏமாற்றுக்காரர் என்றே சொல்லிவிட்டேன். அவரோ, “ஓட்டிப் பார்த்து எடுத்த சாமான் மௌலவி” என்று ஒரே சொல்லில் நின்றார்.

அன்று இரவு சாப்பாட்டின்போது பிள்ளைகளின் உம்மா கேட்டார்: “கியரை மாத்துறது கொம்பியூட்டர்தான் என்று சொல்றீங்களே, பொக்ஸ் மாறின விஷயம் அந்தக் கொம்பியூட்டருக்குத் தெரியுமா?”

நான் விழித்தேன். அவர் தொடர்ந்தார்: “பழைய தையல் மெஷினை இறுக்கி மிதிச்சால்தான் சுத்தும். புதுசு வாங்கின அன்றைக்கும் என்ட கால் அதே மாதிரி மிதிச்சு, துணியே போச்சு. மெஷினில் பிழை இல்லையே, என்ட காலுக்கு அல்லவா பழைய பழக்கம்!”

சகோதரிகளே, அவர் சொன்னது அப்படியே உண்மை என்பது மறுநாள் தெரிந்தது. என்னிடம் படித்த மாணவர் ஒருவர், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர், இப்போது வாகனங்களை ஸ்கேன் செய்யும் தொழில் செய்கிறார். ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள பதினாறு ஊசித் துளைகள் கொண்ட சொக்கற்றில் தன் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, “பழைய பொக்ஸ்ட கணக்கு அப்படியே கிடக்கு சேர்” என்றார். அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஓட்டோ கியர் காரில் காலால் மிதிக்கும் கிளச் இல்லை. பொக்ஸுக்குள்ளேயே பல கிளச் தட்டுகள் இருக்கின்றன. எண்ணெயின் அழுத்தம் அவற்றை நெருக்கிப் பிடிக்கும். எந்த நேரத்தில் எவ்வளவு எண்ணெயை விடுவது என்பதைக் கொம்பியூட்டர் தீர்மானித்து, மின்சாரத்தால் திறந்து மூடும் சிறு வால்வுகளுக்குக் கட்டளை அனுப்புகிறது. கியர் மாறும்போது ஒரு கிளச் விட வேண்டும், அதே கணத்தில் மற்றது பிடிக்க வேண்டும். நேரம் சற்றுத் தவறினாலும் ஒன்று உலுக்கும், அல்லது வழுக்கும்.

வருடங்கள் போகப் போகத் தட்டுகள் தேய்கின்றன. இடைவெளி கூடுகிறது. கொம்பியூட்டர் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் சுழற்சியின் வேகத்தை அளந்து பார்த்து, “இந்தத் தட்டுக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் வேண்டும்” என்று தானே திருத்திக் கொள்கிறது. அந்தத் திருத்தத்தை ஞாபகத்திலும் வைத்துக் கொள்கிறது. பத்து வருடங்களாக அது எழுதிய கணக்கு, அந்தத் தேய்ந்த பொக்ஸுக்கான கணக்கு. தேயாத பொக்ஸை மாட்டிவிட்டு அதே கணக்கில் எண்ணெயை விட்டால் உலுக்காமல் என்ன செய்யும்? சிலவேளை நிலைமை மறுபக்கமாகவும் இருக்கும். வேண்டிய அழுத்தம் கிடைக்காமல் தட்டுகள் வழுக்கி, சூடேறிக் கருகும். நல்ல பொக்ஸ் கெட்ட பொக்ஸாகிவிடும்.

கராஜ்காரர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1939இல் ‘ஹைட்ராமெட்டிக்’ என்ற ஓட்டோ கியரைப் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கியபோது அதில் கொம்பியூட்டர் கிடையாது. எல்லாமே எண்ணெய் அழுத்தத்தின் வேலை. அப்படிப்பட்ட பொக்ஸை மாற்றிப் பூட்டினால் வேலை முடிந்தது. அந்தக் காலத்துத் தொழில் அறிவு தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது, காரோ மாறிவிட்டது.

இங்கே மூன்று தவறான எண்ணங்கள் உலவுகின்றன.

முதலாவது, பெட்டரி வயரைக் கழற்றி வைத்தால் எல்லாம் மறந்துவிடும் என்பது. சில பழைய வாகனங்களில் அது பலிக்கலாம். ஆனால் டொயோட்டாவின் பல மாதிரிகளுக்கான திருத்தக் கைநூல்கள், பொக்ஸையோ எஞ்சினையோ கொம்பியூட்டரையோ மாற்றினால் கியரின் ஞாபகத்தை அழிக்க வேண்டும் என்றும், பெட்டரி வயரைக் கழற்றுவதால் மட்டும் அது அழியாது என்றும் தெளிவாகச் சொல்கின்றன. கடிகாரமும் ரேடியோவும் மறக்கும். கியரின் கணக்கு மறக்காது.

இரண்டாவது, டாஷ்போர்ட்டில் எரியும் எச்சரிக்கை விளக்கை ஸ்கேனரால் அணைத்துவிட்டால் போதும் என்பது. பிழைக் குறியீட்டை அழிப்பது வேறு, கற்றுக்கொண்ட கணக்கை அழிப்பது வேறு. மலிவான ஸ்கேனர்கள் பலவற்றால் முதலாவதை மட்டுமே செய்ய முடியும்.

மூன்றாவது, ஓட ஓடச் சரியாகும் என்பது. சில வாகனங்கள் மெல்ல மெல்லத் திருத்திக் கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் திருத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு; அதுவரை அடிபடுவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொக்ஸ்.

வாகனத்துக்கு வாகனம் முறையும் வேறுபடும். நிஸானின் சில சீவீடி பொக்ஸ்களில், அந்தப் பொக்ஸுக்கே உரிய அளவுகளைத் தாங்கிய சிறிய ஞாபகப் பாகம் ஒன்று உள்ளே இருக்கிறது. கொம்பியூட்டர் புதிய அளவுகளை அதிலிருந்து ஏற்றுக் கொள்ள வேண்டும். ஹொண்டாவின் பழைய சீவீடி கார்களில், காரைப் புறப்படச் செய்யும் கிளச்சுக்கென்று தனியான அளவுத் திருத்தம் உண்டு. ஆகவே “எல்லாக் காருக்கும் ஒரே வேலைதான்” என்பவரிடம் சற்று நிதானமாக இருங்கள்.

எங்கள் காரின் பழைய கணக்கை மாணவர் அழித்தார். அத்தோடு வேலை முடியவில்லை. புதுக் கணக்கைக் கற்றுக் கொடுக்க வேண்டும். பொக்ஸின் எண்ணெய் வழமையான சூட்டுக்கு வந்த பிறகு, சமமான பாதையில், அக்ஸிலேட்டரை மென்மையாகவும் சீராகவும் மிதித்து, எல்லாக் கியர்களும் ஒவ்வொன்றாக மாறும்வரை ஓட்டி, மெதுவாக நிறுத்தி, மீண்டும் அதையே செய்ய வேண்டும். பதுளையில் சமமான பாதையைத் தேடுவது கடலில் மேட்டைத் தேடுவது போலத்தான்! ஸுபஹுக்குப் பின், வீதியில் சனநடமாட்டம் தொடங்குமுன், ஓரளவு சமமான ஒரு துண்டில் திரும்பத் திரும்ப ஓட்டினோம். முதல் இரண்டு மூன்று தடவை உலுக்கியது. பிறகு குறைந்தது. வெயில் ஏறுவதற்குள் கியர் மாறுவதே தெரியவில்லை. மறுநாள் மாமி கதவைப் பிடிக்காமல் வந்தார், அல்ஹம்துலில்லாஹ்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் பிழையாகிவிடும். ஞாபகத்தை அழிப்பது தேய்ந்த பொக்ஸுக்கு மருந்தல்ல. எண்ணெய் மாறிப்போயிருந்தாலும், வால்வு பழுதாகியிருந்தாலும், பொக்ஸைத் தாங்கும் ரப்பர் உடைந்திருந்தாலும் உலுக்கல் வரும். ஆகவே அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டின் பணத்தை எண்ணிக் கொடுப்பவர் நீங்கள். கராஜுக்குக் கடைசிக் காசைக் கொடுக்குமுன் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள், அல்லது நீங்களே கேளுங்கள்:

1. இந்தப் பொக்ஸ் எங்கள் காரின் மாதிரிக்கும் எஞ்சினுக்கும் உரியதுதானா?
2. தயாரிப்பாளர் சொன்ன எண்ணெய்தான் ஊற்றப்பட்டதா? சாதாரண ஓட்டோ கியருக்கும் சீவீடிக்கும் எண்ணெய் வெவ்வேறு.
3. கொம்பியூட்டரின் பழைய கியர் கணக்கு அழிக்கப்பட்டதா? பிழைக் குறியீடு மட்டும்தானா?
4. இந்தப் பொக்ஸுக்குரிய அளவுகளை ஏற்ற வேண்டியிருந்தால், அது செய்யப்பட்டதா?
5. ஓட்டிக் கற்றுக்கொடுக்கும் வேலை முடிந்ததா?

இவை முடியும்வரை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு எல்லப் பக்கமோ பசறைப் பக்கமோ ஏற்றம் ஏற வேண்டாம். வளைவில், பாரத்தோடு, கியர் வழுக்கினால் பின்னால் வருபவருக்கும் ஆபத்துத்தான்.

கடைசியாக ஒரு வேலை எனக்கு மிஞ்சியிருந்தது. கொழும்புக்கு மீண்டும் தொலைபேசி எடுத்தேன். “நீங்கள் தந்தது நல்ல சாமான். நான்தான் விசாரிக்காமல் வார்த்தையைக் கொட்டிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு அவர் கேட்டார்: “அப்ப என்னதான் பிழை மௌலவி?”

நான் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “இனிப் பொக்ஸ் விற்கும்போது நானும் இதைச் சொல்லி அனுப்புகிறேன்” என்றார். யார் சொல்லித் தெரிந்தது என்றும் கேட்டார். பக்கத்தில் துணி தைத்துக் கொண்டிருந்தவரைப் பார்த்தேன். புது மெஷின் இப்போது அவர் காலுக்குப் பழகிவிட்டிருந்தது.

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.