விலை சொல்லக் கூச்சம் ஏன்?

சொந்தத் தொழில் என்ற தலைப்பில் ஆண்டு மலருக்கு எழுதுகிறவர்கள் உழைப்பு, நேர்மை, விடாமுயற்சி என்னும் மூன்றையும் சொல்லி வாழ்த்துக் கூறி விடைபெறுவது வழக்கம். அவை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் நம் ஊர்ப் பெண்களிடம் உழைப்புக்கு என்றைக்குப் பஞ்சம் இருந்தது? விடியற்காலையில் எழுந்து நள்ளிரவில் படுக்கிற நம் தாய்மாருக்கு உழைப்பைப் பற்றி உபதேசம் செய்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். செய்த வேலைக்கு இன்ன விலை என்று வாய் திறந்து சொல்வதற்குத்தான் நம்மிடம் பஞ்சம்.

என் அம்மா முப்பது ஆண்டுகள் வீட்டில் தையல் மெஷின் மிதித்தவர். ரவிக்கை, பாவாடை, பள்ளிச் சீருடை எல்லாம் தைப்பார். கை சுத்தம், காஜா எடுத்தால் கடையில் எடுத்தது போலவே இருக்கும். துணி வாங்க வருகிறவர்கள், "எவ்வளவுக்கா?" என்று கேட்டால் அவர் சொல்லும் பதில் ஒன்றே ஒன்று: "பார்த்துக் குடுங்க." அவர்களும் பார்த்தார்கள், பார்த்துக் குறைத்தே கொடுத்தார்கள். தீபாவளிக்கு முந்தைய இரவில் எட்டு ரவிக்கைகளை முடித்துக் கொடுத்துவிட்டு, கைக்கு வந்த பணத்தை எண்ணாமலே முந்தானையில் முடிந்துகொண்டு படுத்த அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். எண்ணினால் மனம் வலிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

திண்டுக்கல்லில் நான்கு பவர் மெஷின்களும் ஓர் ஓவர்லாக் மெஷினுமாகப் பள்ளிச் சீருடை தைக்கும் சிறு கூடம் ஒன்றை நான் தொடங்கி முழுதாக ஓர் ஆண்டு ஆகியிருக்கிறது. முதல் நாளே செய்துகொண்ட தீர்மானம் ஒன்றுண்டு. 'பார்த்துக் குடுங்க' என்ற சொல் இந்தக் கூடத்தின் வாசற்படியைத் தாண்டக்கூடாது.

விலை சொல்ல வேண்டுமானால் அந்த விலை எப்படி வந்தது என்று முதலில் நமக்குத் தெரிய வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பினஃபோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணிக்கு 190 ரூபாய். ராஜஸ்தான் மாநிலத்துப் பில்வாராவில் நெய்த பாலியெஸ்டர் கலந்த துணி, இரண்டு கை மாறி நமக்கு வந்து சேரும்போது உள்ள விலை அது. வெட்டுக்கூலி, தையல்கூலி சேர்த்து 75. ஜிப், பட்டன், நூல், ஃபியூசிங் எல்லாமாக 20. ஆக 285 ரூபாய். நம் பெண்கள் பெரும்பாலோர் இந்த இடத்தில் கணக்கை மூடிவிட்டு, "சரி, 300-க்குக் குடுப்போம், பதினைஞ்சு ரூபாய் லாபம்" என்று மகிழ்ந்து போகிறார்கள். வாடகை யார் கொடுப்பது? மின்சாரக் கட்டணம்? ஊசி உடைந்தால், மோட்டார் எரிந்தால், வெட்டும்போது துணி வீணானால்? அதற்குத் துண்டுக்கு 30 ரூபாய் ஒதுக்கினால்தான் கட்டும். பிறகு, காலையிலிருந்து இரவு வரை நின்று வெட்டி, சரிபார்த்து, மூட்டை கட்டுகிற முதலாளியம்மாளுக்குக் கூலி வேண்டாமா? அதற்கு 25. இப்போது 340 ஆயிற்று. இதற்கு மேல் வருவதற்குப் பெயர்தான் லாபம். நான் 380 என்று விலை சொன்னேன். 300-க்கு விற்கிறவள் பதினைந்து ரூபாய் சம்பாதிக்கவில்லை. துண்டுக்கு நாற்பது ரூபாயைத் தன் உடம்பிலிருந்தும் வீட்டிலிருந்தும் எடுத்துக் கொடுக்கிறாள். நூறு துண்டு தைத்தால் நாலாயிரம் ரூபாய் போயிற்று. அவள் அதைத் 'தொழில்' என்று நம்பிக்கொண்டிருக்கிறாள், அதுதான் வேதனை.

விலையைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறும். "என்னம்மா, பொம்பளைப் பிள்ளை இப்படிக் கறாராப் பேசுறே?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இதே விலையைப் பக்கத்துத் தெரு ஆண் தையல்காரர் சொன்னால் அது 'ரேட்டு'. நாம் சொன்னால் அது 'கறார்'. இந்த வேறுபாட்டை நினைத்து அழுதுகொண்டிருந்தால் கடை நடக்காது. நான் துணி, கூலி, வாடகை என்று கணக்கை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துவிடுவேன். தாளைப் பார்த்தபின் பேரம் பேசியவர்கள் மிகச் சிலரே. போனவர்களும் உண்டு, போகட்டும்.

உறவினர் விஷயம் தனி. சொந்தக்காரர்களிடம் காசு வாங்குவதா என்று என் சித்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் சிரித்துக்கொண்டே, "நான் தாராளமா சும்மா செஞ்சு தர்றேன் சித்தி. தைக்கிற அக்காவுக்கு மட்டும் 75 ரூபாயை நீங்க குடுத்துருங்க, துணியை நீங்களே எடுத்துக் குடுத்துருங்க" என்றேன். சித்தி கணக்கில் கெட்டிக்காரர். 'இதில் என்ன சும்மா இருக்கிறது' என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இப்போது முழு விலை கொடுத்தே வாங்குகிறார். நாலு பேரை அழைத்தும் வருகிறார்.

அடுத்து, பெற்றோர்களுக்கும் சேர்த்துச் சொல்ல விரும்பும் ஒன்று. லாபம் வேறு, கையிலிருக்கும் பணம் வேறு. இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் இவ்வளவு அழுத்தமாகப் படித்ததில்லை. ஒரு நிறுவனத்துக்கு 400 பினஃபோர் தைத்துக் கொடுத்தேன். பில் 1,52,000 ரூபாய். முன்பணம் 50,000. ஜூன் முதல் வாரத்தில் சரக்கு முழுவதையும் ஒப்படைத்தாயிற்று. முப்பது நாளில் பாக்கி தருவதாக எழுத்திலேயே ஒப்புதல். ஏட்டில் பார்த்தால் நான் லாபத்தில் இருக்கிறேன். ஆனால் சனிக்கிழமைதோறும் நான்கு பெண்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும்; துணிக்கடைக்காரர் வாசலில் வந்து நிற்கிறார்; பெட்டியிலோ பணமில்லை. ஜூலை போயிற்று, ஆகஸ்டும் போயிற்று. கழுத்துச் சங்கிலி வங்கிக்குப் போயிற்று. ஒரு சனிக்கிழமைகூடக் கூலி நிற்கவில்லை என்பதை மட்டும் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். தைக்க வரும் அக்காமாரில் ஒருவருக்கு அந்தக் கூலிதான் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம்.

பாக்கி எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? செவ்வாய்க்கிழமைதோறும் அந்த அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். "மேடம், பெரியவர் ஊர்ல இல்லையே." "பரவாயில்லை சார், வர்ற வரைக்கும் இருந்து பார்த்துட்டுப் போறேன்." கையில் ஒரு தைக்காத காலரையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு போவேன். கோபமாக ஒரு சொல் பேசவில்லை. வருகிறவர் போகிறவரெல்லாம் "யார் இந்த அம்மா?" என்று கேட்கக் கேட்க அங்கிருந்தவர்களுக்கே சங்கடமாகிவிட்டது. செப்டம்பர் கடைசியில் காசோலை கைக்கு வந்தது.

இப்படிப் போய் உட்கார வேண்டிய அவசியம் சட்டப்படி நமக்கு இல்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டத்தின்படி, பொருள் செய்து கொடுக்கிற சிறு நிறுவனத்துக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாட்களில் பணம் கொடுத்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. இந்தப் பாதுகாப்பைப் பெற உதயம் பதிவு வேண்டும். 2020 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள அந்தப் பதிவுக்குக் கட்டணம் ஒரு காசும் இல்லை. நல்ல சட்டம்தான். ஆயினும் அடுத்த ஆண்டு ஆர்டரும் அதே வாசலிலிருந்து வர வேண்டியிருக்கும்போது எந்தச் சிறு தொழில்காரி வழக்கு என்று போவாள்? சட்டம் எழுதியவர்கள் இந்தப் பயத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது என் எண்ணம். பதிவு எண்ணையும் '45 நாள்' என்பதையும் பில்லின் அடியில் கொட்டை எழுத்தில் அச்சடித்து வைத்திருக்கிறேன். பயமுறுத்துவதற்காகச் செய்யவில்லை, நமக்கும் விவரம் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியட்டுமே!

சீருடைத் தொழிலில் இன்னொரு தொல்லை உண்டு. மார்ச்சிலிருந்து ஜூன் வரை மூச்சுவிட நேரமிராது. பள்ளி திறந்த பிறகு மெஷின்கள் உறங்கும். அந்த மாதங்களில் வேலையில்லை என்று அக்காமாரை அனுப்பிவிட்டால் அடுத்த பிப்ரவரியில் அவர்கள் திரும்பி வருவார்கள் என்பது என்ன நிச்சயம்? இந்தக் கவலையில் இருந்தபோது நான் படித்த ஒரு வரலாறு எனக்குப் பெரும் துணையாயிற்று.

லிஜ்ஜத் அப்பளத்தை எல்லோருக்கும் தெரியும். 1959 மார்ச் 15-ஆம் நாள் பம்பாய் கிர்காவ் பகுதியில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய்க் கடனில் தொடங்கியது அது. வீட்டு மொட்டை மாடியில் கூடி இட்ட அப்பளம் முதல் நாளில் நாலே பாக்கெட். நட்டம் வந்தாலும் நன்கொடைக்கென்று யார் வாசலிலும் நிற்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டார்கள். அந்த முதல் ஆண்டில் மழைக்காலம் வந்தபோது அப்பளம் காயவில்லை. நாலு மாதம் வேலை நின்றே போயிற்று. அடுத்த ஆண்டு என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, கட்டிலுக்கு அடியில் அடுப்பை வைத்து, மழையிலும் காய வைத்தார்கள். பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. வீட்டுப் பெண்ணின் மூளை. முதல் ஆண்டு விற்பனை 6,196 ரூபாய். இன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதன் கூட்டு உடைமைக்காரர்கள். எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். இந்த வரலாற்றில் என் மனத்தைத் தொட்டது விருது அன்று. கடன் கொடுத்த சகன்லால் கரம்சி பாரேக் என்னும் பெரியவர் அவர்களுக்குச் சொன்ன புத்தி: இதை வியாபாரமாகவே நடத்துங்கள், கணக்கை ஒழுங்காக எழுதுங்கள், மட்டச் சரக்கைப் போடாதீர்கள். பாவம், பெண்பிள்ளைகள் ஏதோ செய்கிறார்கள் என்று அவர் இரக்கப்படவில்லை. அதுவே அவர் செய்த பேருதவி என்று நான் கருதுகிறேன்.

எனக்கு அமைந்த 'கட்டிலும் அடுப்பும்' துணிப்பை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019 ஜனவரியில் தடை செய்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கிற்று. கல்யாண வீடுகளுக்குத் தாம்பூலப் பை, மளிகைக் கடைகளுக்கு மஞ்சப்பை என்று ஜூலை முதல் தைக்கத் தொடங்கினோம். பையில் லாபம் சொற்பம். உண்மையைச் சொன்னால் ஐப்பசியில் அதுவும் இல்லை. ஆனால் நான்கு அக்காமாரும் இன்றும் என்னோடு இருக்கிறார்கள். அவர்களைப் போல் நேராகப் ப்ளீட்ஸ் மடிக்கிற கைகளை விளம்பரம் போட்டாலும் பிடிக்க முடியாது.

கடன் பற்றியும் ஒரு சொல். 2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரையிலான சிறு கடன் 'சிசு' பிரிவில் கிடைக்கிறது. சொத்துப் பிணை வேண்டியதில்லை. நான் விண்ணப்பித்த இடத்தில், "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்று கேட்டார்கள். "தொழில் என் பேர்ல சார், கணக்கும் என் பேர்ல" என்று சொல்லி என் நோட்டை நீட்டினேன். நோட்டைப் புரட்டிய பிறகு அந்தக் கேள்வி மறுபடி வரவில்லை. நாள் தவறாமல் எழுதிய கணக்கு நோட்டுக்கு ஒரு மரியாதை இருக்கிறது, தங்கைகளே. அது பெண் நோட்டு, ஆண் நோட்டு என்று யாரும் பார்ப்பதில்லை.

மதிப்புக்குரிய அருட்சகோதரியர் பொறுத்தருள வேண்டும். மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். இதுபோன்ற பள்ளிகளில்தான் எங்களைப் போன்றவர்கள் தையல் கற்றோம். சங்கிலித் தையல், காம்புத் தையல், பட்டன் துளை எல்லாவற்றுக்கும் மாதிரித் துணியில் மதிப்பெண் உண்டு. ஒரு தலையணை உறைக்கு என்ன விலை சொல்லலாம் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. விழாச் சந்தையில் மாணவியர் செய்த கைவேலைகளை விற்கிறோம், கிடைத்த தொகையை அறிவிக்கிறோம், கைதட்டுகிறோம். அந்தப் பொருளுக்குச் செலவான துணி, நூல், நேரம் எவ்வளவு என்று எங்கும் எழுதப்படுவதில்லை. அடக்கமாக இருக்கக் கற்ற பிள்ளைக்குத் தன் கைவேலையின் விலையைத் தலை நிமிர்ந்து சொல்வது ஏதோ குற்றம்போலத் தோன்றிவிடுகிறது. அடக்கமும் வேண்டும், அதற்காக உழைப்பை இலவசமாகக் கொடுக்க வேண்டியதில்லை.

தையல் பாடத்தின் நூறு மதிப்பெண்ணில் பத்தை இந்தக் கணக்குக்கு ஒதுக்கலாமே. ஒவ்வொரு மாணவியும் தான் தைத்த பொருளோடு ஒரு தாள் இணைக்கட்டும்: துணி இவ்வளவு, நூல் இவ்வளவு, என் நேரம் இத்தனை மணி, ஆகவே விலை இவ்வளவு. அந்தத் தாளை ஆசிரியையின் முன் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். அடுத்த முறை குறைந்துவிடும். வரும் விழாச் சந்தைக்கு முன்பே இதைத் தொடங்குவதானால், வெட்டுத் துண்டுத் துணிகள் இரண்டு மூட்டை எங்கள் கூடத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன். கிலோ என்ன விலை என்று கேட்டுவிட்டு, அதையும் கணக்கில் எழுதிக்கொண்டு எடுத்துப் போகலாம்.