சத்தம் ஒரு சக்கரத்துல, பில் நாலு டயருக்கா?

இன்னைக்கு எஸ்ஐபி பத்தியும் பேசப்போறதில்ல, டேக்ஸ் பத்தியும் பேசப்போறதில்ல. என் காரோட வீல் பேரிங் பத்திதான். ஆனா விஷயம் கடைசியில உங்க பர்ஸுக்குத்தான் வரும்.

ஊருக்கு, அதாவது கண்ணமங்கலத்துக்கு, கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி கார்ல 'ஊம்'னு ஒரு சத்தம். 40-ல லேசா இருந்தது, 80-ல தலைவலியே வந்துடுச்சு. சென்னையில ஒரு டயர் கடையில காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்கலை. "நாலு டயரும் போயிடுச்சு சார், மாத்திடுங்க." ஒண்ணு 4,500 ரூபாய், மொத்தம் 18,000. மாசக் கடைசி வேற. அப்புறம் பார்த்துக்கலாம்னு அதே சத்தத்தோட, குடும்பத்தையும் ஏத்திக்கிட்டு வேலூர் வழியா ஊருக்குக் கிளம்பிட்டேன். இது என் தப்பு. முத்தின பேரிங் ஓடும்போதே இறுகிப் போகலாம், சக்கரமே ஆட ஆரம்பிக்கலாம்.

ஊர்ல ஒரு சின்ன ஷெட். மெக்கானிக் அண்ணன் முதல்ல சாவியைத்தான் கேட்டார். ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து சொன்னார்: "வலது பக்கம் திருப்பினா சத்தம் ஏறுது. அப்போ வெயிட்டு இடது பக்கம் சாயுது. இடது பக்கம்தான் கோளாறு."

அப்புறம் சமதரையில ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வெச்சு, முன் சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினார். ஆட்டம் இருந்தது. என்னை பிரேக் மிதிக்கச் சொன்னார், ஆட்டம் நின்னுடுச்சு. "பிரேக் பிடிச்சும் ஆடினா பால் ஜாயின்ட்டைப் பார்க்கணும். இது பேரிங்தான்." சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல என் கையை வெக்கச் சொல்லிட்டு சக்கரத்தைச் சுத்தினார். மணல் அரைக்கிற மாதிரி கரகரன்னு தெரிஞ்சது.

டயரா இருந்தா? முன் டயரைப் பின்னாடி மாத்திப் போட்டா, பெரும்பாலும் சத்தமும் கூடவே இடம் மாறும். பேரிங் சத்தம் அங்கேயே நிக்கும்.

எனக்குப் பிடிச்சது அடுத்து அவர் சொன்னதுதான். "எங்கிட்ட பிரஸ் இல்ல. சுத்தியால அடிச்சு ஏத்தினா புது பேரிங்கும் சீக்கிரம் போயிடும். வேலூர்ல பிரஸ் போட்டு வாங்கிட்டு வரேன்." மறுநாள் புது ஆக்சில் நட்டு போட்டு, டார்க் ரெஞ்சுல இறுக்கிக் கொடுத்தார். மொத்தம் 3,600 ரூபாய். பழைய பேரிங்கையும் கையில கொடுத்தார். வலது பக்கம் நல்லா இருந்ததால அதைத் தொடவே இல்ல.

என் கருத்து இதுதான்

நாம பொருளுக்குக் காசு கொடுக்கிறோம், கோளாறைக் கண்டுபிடிச்சவருக்குக் கொடுக்க மனசு வரமாட்டேங்குது. அதனாலதான் பல இடத்துல பார்க்காமலே பொருளை மாத்தச் சொல்றாங்க. ஆடிட்ல வவுச்சர் இல்லாத செலவை நான் ஒத்துக்க மாட்டேன். காருக்கும் அதே ரூல்தான். எந்தச் சக்கரம், எப்படித் தெரியும்னு கேளுங்க. ஓட்டிப் பார்த்துச் சொல்றவருக்குச் செக்கிங் சார்ஜ் தனியா கொடுங்க. 300, 500 கொடுத்தாலும் 17,500-க்குக் குறையாம மிஞ்சும்.

இன்சூரன்ஸ் பார்த்துக்கும்னு நினைக்காதீங்க. வழக்கமான ஓன் டேமேஜ் பாலிசியில தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் வராது. இது உங்க கைக்காசுதான்.

அதனால கார் இஎம்ஐ கட்டறவங்க, மாசம் 1,500 ரூபாய் தனி ஆர்டியில போடுங்க. வருஷத்துக்கு 18,000, வட்டி தனி. எமர்ஜென்சி ஃபண்டை இதோட கலக்காதீங்க. கார் தேயறது எமர்ஜென்சி இல்ல, நிச்சயம் வரப்போற செலவு. அன்னைக்கு அந்தப் பணம் இருந்திருந்தா, அடுத்த நாளே இன்னொரு மெக்கானிக்கிட்ட போயிருப்பேன். சத்தத்தோட குடும்பத்தை ஏத்தியிருக்க மாட்டேன்.

பில்லுல பாகம் தனியா, லேபர் தனியா எழுதி வாங்குங்க. மாத்தின பழைய பாகத்தையும் கேளுங்க.

ஆராயாம நீங்க மாத்தின பொருள் எது? கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்!