பெட்டியின்மேல் ஒரு புல்வெளி

நாமக்கல் வட்டாரத்துப் பெரியோர்களுக்கும், பண்ணை வைத்திருக்கும் மாமன் மச்சான் பங்காளிகளுக்கும், முக்கியமாக நம் பக்கத்து ஊர்களில் சூப்பர் மார்க்கெட் நடத்தும் அன்பர்களுக்கும், ஜெர்மனியின் கொலோன் நகரத்திலிருந்து வணக்கம்.

சென்ற சித்திரையில் ஊருக்கு வந்திருந்தபோது, வீட்டில் முட்டை தீர்ந்துவிட்டது என்று அம்மா சொன்னதன்பேரில், புதிதாகத் திறந்திருக்கும் குளிர்சாதனக் கடையொன்றுக்குள் நுழைந்தேன். நாட்டுக்கே முட்டை அனுப்பி, அதற்கு நாள்தோறும் விலையும் சொல்லும் ஊரில், ஆறே ஆறு முட்டையைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, மளிகைக் கடை விலைக்கு மேல் ஏகமாக ஏற்றி விற்பதைக் கண்டபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்பு கோபமாக மாறியது, பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த படத்தைப் பார்த்த பிறகு. பச்சைப் பசேலென்ற புல்வெளி. தூரத்தில் ஓட்டு வீடு. முன்னால் கொண்டையை நிமிர்த்திக்கொண்டு ஒரு கோழி, அதன் பின்னே இரண்டு குஞ்சுகள். பெட்டியின் அடியிலிருந்த பண்ணை முகவரி எனக்கு நன்றாகத் தெரிந்த முகவரி. அங்கே வரிசை வரிசையாகக் கூண்டுகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஒரு படத்துக்கா இவ்வளவு ஆத்திரம் என்று அண்ணன் கேட்டார். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. திரும்பி வந்த பிறகும் அந்தப் புல்வெளி மனத்தைவிட்டு அகலாமல் உறுத்திக்கொண்டிருந்ததால், உறுத்தலின் காரணத்தைச் சாவதானமாக ஆராய்ந்து பார்த்தேன். கூண்டில் கோழி வளர்ப்பதில் குற்றமொன்றும் இல்லையென்றால், கூண்டின் படத்தையே பெட்டியின்மேல் போட்டிருக்கலாமே! போடவில்லை. ஏனென்றால், கூண்டைக் கண்ணால் கண்டால் வாங்குகிறவர் மனம் ஒப்பமாட்டார் என்பது விற்கிறவருக்குத் திட்டமாகத் தெரிந்திருக்கிறது. வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாற்றில் நனைத்து நாட்டு முட்டையாக்கி விற்கும் வித்தையைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு நாமெல்லோரும் திட்டுகிறோம். புல்வெளிப் படம் அச்சிடுகிறவர்களை மட்டும் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். சாயம் போட்டவனாவது முட்டையின் நிறத்தைத்தான் மாற்றினான். இவர்கள் ஒரு ஜீவனின் வாழ்க்கையையே மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

கூண்டைப் பற்றி உங்களுக்கு நான் வருணிப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆனால் நான் வாழும் இந்த மாநிலமே தொடுத்த ஒரு வழக்கைப் பற்றி நீங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. கூண்டுக் கோழிக்குத் தலைக்கு 450 சதுர சென்டிமீட்டர் இடம் கொடுத்தால் போதும் என்று 1987-இல் ஜெர்மன் அரசு ஒரு விதி செய்திருந்தது. அந்த விதி செல்லாது என்று நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலம் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போயிற்று. தத்துவ விசாரணை ஏதும் நடக்குமென்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். நீதிபதிகள் அளவுகோலை எடுத்துக்கொண்டார்கள். ஒரு முட்டைக்கோழியின் உடல் நீளம் 47.6 சென்டிமீட்டர், அகலம் 14.5 சென்டிமீட்டர், இரண்டையும் பெருக்கினால் 690 சதுர சென்டிமீட்டருக்கும் சற்று அதிகம். ஆகவே ஒரு கூண்டிலுள்ள கோழிகள் அனைத்தும் ஒரே சமயத்தில் படுத்து உறங்கவே முடியாது. தீவனத் தொட்டியில் தலைக்கு 10 சென்டிமீட்டர்தான் ஒதுக்கியிருந்ததால் எல்லாம் சேர்ந்து தின்னவும் முடியாது என்று கண்டு, 1999 ஜூலையில் அந்த விதியை ரத்து செய்தார்கள். பள்ளிக்கூடப் பையன் போடும் பெருக்கல் கணக்குத்தான்; ஆயினும் நம் பக்கத்துக் கொட்டகைகளில் இன்றும் பெரும்பாலும் அதே அளவு இடமோ அதற்கும் குறைவோ இருக்கையில், அந்தக் கணக்கை நம்மில் எவரும் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. 2002-இல் பிராணிகளைக் காப்பது அரசின் கடமையென்று சாசனத்திலேயே சேர்த்தார்கள்; 2010 பிறந்தபோது பழைய மாதிரிக் கூண்டுக்கு இங்கே இடமில்லை. அதையொட்டியே பெரிய கடைகளும் கூண்டு முட்டையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டன. ஒவ்வொரு முட்டையின் ஓட்டின்மேலும் ஓர் எண் அச்சிட்டிருக்கும்: 0 என்றால் இயற்கை முறைப் பண்ணை, 1 என்றால் வெளியே மேய விடுவது, 2 என்றால் கொட்டகைக்குள்ளேயே தரையில் உலாவ விடுவது, 3 என்றால் கூண்டு. கடைக்குப் போகிற கிழவிகூட மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த எண்ணைப் பார்த்துத்தான் எடுக்கிறாள். அதற்காக இவர்களெல்லாம் மகாத்மாக்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கடையில் விற்கும் சாயம் பூசிய அவித்த முட்டைக்கும் பிஸ்கட்டுக்குள் போன முட்டைக்கும் அந்த எண் கட்டாயமில்லை. முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொல்லும் வழக்கத்தை 2022 வரையில் இவர்கள் நிறுத்தவில்லை.

வெளிநாட்டுப் பிரஜையாகிவிட்டு எங்களுக்கு உபதேசம் செய்கிறானே என்று நீங்கள் நினைப்பது இங்கே எனக்குக் கேட்கிறது. ஆனால் இந்த நியாயம் வெளிநாட்டுச் சரக்கல்ல. மாநிலங்களவையில் பிராணி வதைத் தடுப்புக்கென்று தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். அதன் பயனாகப் பிறந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, நியாயமான அளவுக்குக்கூட அசைய முடியாதபடி உயரமும் நீளமும் அகலமும் போதாத கூண்டில் எந்தப் பிராணியை அடைப்பதும் குற்றமென்கிறது. மனிதனல்லாத எந்த ஜீவனும் அச்சட்டத்தின்படி பிராணிதான்; கோழிக்கு விலக்கு எழுதியிருப்பதாக நான் காணவில்லை. 2017-இல் மத்திய சட்ட ஆணையமும் இந்தக் கூண்டுகளைப் படிப்படியாக ஒழிக்க வேண்டுமென்று தன் 269-ஆவது அறிக்கையில் எழுதிற்று. சட்டத்தை விடுங்கள். முட்டையிடும் நேரம் நெருங்கினால் பெட்டைக் கோழி கேறிக்கொண்டு, வைக்கோற்போர் இடுக்கையும் குதிர் மூலையையும் தேடி எப்படித் தவிக்கும் என்பதை நம் பாட்டிமார் எந்த ஆணையத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்? அந்தத் தவிப்பு கூண்டுக்குள்ளும் அப்படியே இருக்கிறது. ஒளிந்துகொள்ள மூலைதான் இல்லை. சரிவான கம்பியில் முட்டை உருண்டு வெளியே போய்விடுகிறது. திறந்த வெளியில் நிற்கும் ஆஞ்சநேயருக்குக்கூடக் கூரை போட மனம் வராத ஊர் நம்முடையது; கோழியை மட்டும் கூண்டில் அடைத்துவிட்டோம்.

என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். கல்லூரிக்குக் கட்டிய பணமும், விமானச் சீட்டும், இங்கே முதல் குளிர்காலத்துக்கு வாங்கிய கம்பளிக் கோட்டும் எங்கள் இரண்டு கொட்டகைக் கூண்டுகளிலிருந்து வந்தவைதாம். மானாவாரிக் காட்டில் கடலை விதைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் குடும்பத்தைப் போன்ற நூற்றுக்கணக்கான குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியது கோழிதான் என்பதை நான் மறந்தவனல்லன். முட்டைக்கு அறிவித்த விலை ஒன்று, வியாபாரி மைனஸ் என்று அதில் கழித்துக்கொண்டு கையில் கொடுப்பது ஒன்று. மக்காச்சோளம் விலை ஏறினால் ஒரு அடி, எங்கோ பறவைக்காய்ச்சல் என்று வதந்தி கிளம்பினால் மறு அடி. இவற்றுக்கிடையே வங்கிக் கடனில் வாங்கிய கூண்டை நாளைக்கே பிடுங்கி எறியுங்கள் என்று பண்ணைக்காரரிடம் சொல்கிறவன் மூடனாகத்தான் இருப்பான். சத்துணவில் 1989 முதல் குழந்தைகள் தட்டில் விழும் முட்டையின்மீது கைவைக்கச் சொல்கிறவன் மூடனுக்கும் ஒரு படி மேலே. அந்த முட்டை மலிவாக இருக்கட்டும். அதன் வழி தனி வழி.

ஆகவேதான் என் விண்ணப்பம் சூப்பர் மார்க்கெட் நடத்தும் உங்களுக்கு. உங்கள் கடைக்கு வருகிறவர் ஆறு முட்டைக்கு அதிக விலை கொடுக்கச் சித்தமாக இருக்கிறார். புல்வெளியை நம்பி இப்போதே கொடுத்துக்கொண்டும் இருக்கிறார். அந்தப் பணத்தில் ஒரு பங்கு பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தால், ஒரு கொட்டகையில் கூண்டைக் கழற்றித் தரையில் உமி பரப்பி, முட்டைப் பெட்டிகளும் அடைவதற்குக் கட்டைகளும் வைத்துவிடலாம். கோழிகள் புழுதியில் புரண்டு குளிக்கும். நோய்க்கண்காணிப்பு அதிகம் வேண்டும், ஆள் அதிகம் வேண்டும், தரையில் இடும் முட்டையைப் பொறுக்க வேண்டும், எல்லாம் உண்மை. அதனால்தான் நாள் விலைக்குக் கட்டுப்படாமல், ஆண்டு முழுவதும் இன்ன விலைக்கு இத்தனை முட்டை எடுத்துக்கொள்கிறேன் என்று கடைக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறேன். கூண்டு முட்டையைத் தட்டிலிருந்து எடுக்க ஓரிரு வருஷம் அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரையில் அந்தப் படத்தையாவது கிழித்துவிட்டு, கோழி எப்படி வளர்ந்தது என்பதைத் தமிழில் ஒரு வரி அச்சிடுங்கள்.

இந்த மடலைப் பார்த்து அண்ணனுக்குக் கோபம் வரும். இருந்தாலும், சிறிய கொட்டகையை மட்டும் மாற்றிப் பாருங்கள், முதல் இரண்டு வருஷ நஷ்டத்தில் பாதியை நான் ஏற்கிறேன் என்று அவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். "முட்டையை எவன் வாங்குவான்? ஆள் காட்டு, யோசிக்கலாம்" என்று பதில் வந்திருக்கிறது. நாமக்கல்லிலோ, ராசிபுரத்திலோ, திருச்செங்கோட்டிலோ, சேலத்திலோ கடை வைத்திருக்கும் உங்களில் ஒருவர், வாரத்துக்கு இத்தனை முட்டை, இன்ன விலை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அவரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பேரம் பேசுவார், காப்பி கொடுக்காமல் அனுப்பமாட்டார்.